தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்க் கண்காணிப்பு

நிலத்தடி நீர்க் கண்காணிப்பு என்பது குறிப்பிட்ட கிணறுகளில் நீர்மட்டத்தையும் நீரின் தரத்தையும் குறித்த கால இடைவெளியில் தொடர்ந்து அளந்து பதிவு செய்யும் பணியாகும். தமிழ்நாட்டில் இப்பணியை மாநில அரசின் நீர்வளத் துறை, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், நடுவண் அரசின் மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆகியவை மேற்கொள்கின்றன. இவ்வளவீடுகளைக் கொண்டே ஒரு பகுதியில் புதிய குடிநீர்த் திட்டமோ தொழிற்சாலைக்கான நீர் எடுப்போ அனுமதிக்கத்தக்கதா என்பது முடிவு செய்யப்படுகிறது. இக்கட்டுரை கண்காணிப்பு முறை, அதற்கான அரசு நிதி, அதில் பொதுமக்கள் கருத்துக்கு உள்ள இடம் ஆகியவற்றை விவரிக்கிறது. எடுத்துக்காட்டாகத் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்திலுள்ள மேலநீலிதநல்லூர் பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

பின்னணி

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 விழுக்காடு கடினப் பாறைப் பகுதியாகும். இங்கு நீர், மணற்பாங்கான ஆற்றுப்படுகைகளில் இருப்பதுபோல் பரந்து தேங்கி நிற்பதில்லை. பாறையின் மேலடுக்கு சிதைந்து உருவான மண்டலத்திலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. ஆகவே ஒரு கிணற்றில் நீர் நிறைந்திருக்க, அடுத்த தோட்டத்துக் கிணறு வறண்டு கிடப்பது இயல்பான காட்சியாகும். சில கிணறுகளை மட்டும் அளந்து ஒரு பெரும் பகுதியின் நிலையைக் கூறுவது இதனால் கடினமாகிறது.

மாநிலத்தின் ஆண்டு மழைப்பொழிவில் ஏறத்தாழ பாதியளவு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் சனவரியில் நீர்மட்டம் உயர்ந்தும், கோடையிலும் அதனை அடுத்த மாதங்களிலும் தாழ்ந்தும் காணப்படும். இவ்விரு மட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடே நிலத்தடி நீர்க் கணக்கீட்டின் அடிப்படையாகும்.

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் நீர் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனமாக இடம்பெற்றுள்ளது. நிலத்தடி நீரின் உரிமை குறித்துத் தனிச் சட்டம் இல்லாத இடங்களில், 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தை ஒட்டி, நிலத்தின் உரிமையாளர் தம் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளலாம் என்ற வழக்கமே நீடிக்கிறது. நீரை எடுப்பவர் இலட்சக்கணக்கானோர். அளப்பவை சில அரசு அமைப்புகள். இந்தச் சமமின்மையே கண்காணிப்பின் முதன்மையான சிக்கலாகும்.

கண்காணிக்கும் அமைப்புகள்

மத்திய நிலத்தடி நீர் வாரியம்: 1954இல் வேளாண்மை அமைச்சகத்தின் கீழ் தொடங்கப்பட்ட ஆய்வு ஆழ்துளைக் கிணறு அமைப்பு, 1970இல் இப்பெயரைப் பெற்றது. 1972இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலத்தடி நீர்ப் பிரிவு இதனுடன் இணைக்கப்பட்டது. 2019 முதல் இது ஜல் சக்தி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. நாடு முழுவதும் உள்ள தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது. தமிழ்நாட்டுப் பணிகளைச் சென்னையிலுள்ள தென்கிழக்குக் கடலோர மண்டல அலுவலகம் கவனிக்கிறது.

மாநில நீர்வளத் துறை: சென்னை தரமணியில் அமைந்துள்ள மாநில நில மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவரக் குறிப்பு மையம் மாநில அரசின் முதன்மைக் கண்காணிப்பு அமைப்பாகும். முன்னர் பொதுப்பணித் துறையின் கீழ் இருந்த இம்மையம், 2021இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிக்கப்பட்டபின் அத்துறையின் கீழ் வந்தது. திறந்தவெளிக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மாதந்தோறும் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. நீரின் தரம் ஆண்டுக்கு இரு முறை ஆய்வு செய்யப்படுகிறது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்: 1971இல் நிறுவப்பட்ட இவ்வாரியம், குடிநீர்த் திட்டங்களுக்கான நீராதாரங்களைக் கண்டறியும் நோக்கில் தனக்கெனக் கண்காணிப்புக் கிணறுகளைப் பராமரித்து வருகிறது.

அளவிடும் முறை

கைமுறை அளவீட்டில் பணியாளர் கிணற்றுக்குச் சென்று அளவு நாடாவையோ மின்னொலி எழுப்பும் அளவியையோ இறக்கி, நீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் உள்ளது எனக் குறிக்கிறார். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு புள்ளி நிலையாகக் குறிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே அளக்கப்படும். பின்னர் சுவரின் உயரத்தைக் கழித்தால் தரைமட்டத்திலிருந்து நீரின் ஆழம் கிடைக்கும். அளக்கும் வேளையில் அக்கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், அளவு உண்மையான மட்டத்தைக் காட்டாது. சுவரை இடித்துக் கட்டினால் பழைய அளவுகளுடன் ஒப்பிடுவதில் பிழை நேரும்.

நீர்மட்டத்தை அளப்பதற்கென்றே துளையிடப்பட்டு, நீர் இறைக்கப்படாமல் விடப்படும் குழாய்க் கிணறு பீசோமீட்டர் எனப்படும். இதனுள் தானியங்கி நீர்மட்டப் பதிவுக்கருவி பொருத்தப்படுகிறது. நீரின் அழுத்தத்தை உணரும் உணரி, நாளொன்றுக்குப் பலமுறை அளவைப் பதிவு செய்கிறது. தொலையளவி இணைக்கப்பட்ட கருவிகள் செல்பேசி வலையமைப்பின் வழியாகத் தரவை நேரடியாகச் சேவைக் கணினிக்கு அனுப்புகின்றன. மின்கலம் தீர்ந்தாலோ, உணரி பழுதானாலோ, செல்பேசி இணைப்புக்குக் கட்டணம் செலுத்தப்படாவிட்டாலோ பதிவு நின்றுவிடும்.

தரக் கண்காணிப்பில் மொத்தக் கரைந்த திண்மங்கள், நைட்ரேட்டு, புளோரைடு, குளோரைடு முதலியவை ஆராயப்படுகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் வரையறைப்படி புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையிலும், மாற்று ஆதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரையிலும் ஏற்கப்படுகிறது. நைட்ரேட்டுக்கான வரம்பு 45 மில்லிகிராம் ஆகும்.

அளவிலிருந்து வகைப்பாடு வரை

நிலத்தடி நீர்வளம் 1984, 1997, 2015 ஆகிய ஆண்டுகளின் மதிப்பீட்டுக் குழுக்கள் வகுத்த முறைகளின்படி கணக்கிடப்பட்டு வந்துள்ளது. ஓராண்டில் எடுக்கப்படும் நீரை, ஓராண்டில் எடுக்கத்தக்க நீரால் வகுத்து விழுக்காடாகக் கூறுவது எடுப்பு நிலை எனப்படும். 70 விழுக்காடு வரை பாதுகாப்பான பகுதி, 70 முதல் 90 வரை மித அபாயப் பகுதி, 90 முதல் 100 வரை அபாயப் பகுதி, 100க்கு மேல் அதிநுகர்வுப் பகுதி என வகைப்படுத்தப்படுகிறது. நீர் முழுவதும் உவர்ப்பாக உள்ள பகுதிகள் தனியே குறிக்கப்படும்.

மழைக்காலத்தில் நிலத்துக்குள் சேர்ந்த நீரை அறிய, பரப்பு, நீர்மட்ட உயர்வு, பாறையின் நீர்தரு திறன் ஆகிய மூன்றும் பெருக்கப்படுகின்றன. கடினப் பாறையில் நீர்தரு திறன் பெரும்பாலும் 1 முதல் 3 விழுக்காட்டுக்குள் இருக்கும். இதனை 1.5 விழுக்காடு எனக் கொண்டால், ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர்மட்டம் 1 மீட்டர் உயர்வது 15,000 கன மீட்டர் நீருக்குச் சமமாகும். அளவீட்டில் 10 சென்டிமீட்டர் பிழை நேர்ந்தால் கணக்கில் 1,500 கன மீட்டர், அதாவது 15 இலட்சம் லிட்டர் கூடவோ குறையவோ செய்யும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஊரகக் குடிநீர் அளவின்படி, இது சுமார் 75 பேருக்கு ஓராண்டுக்குப் போதுமான நீராகும்.

எடுக்கப்படும் நீரின் அளவு இவ்வாறு நேரடியாக அளக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் வேளாண் மின் இணைப்புகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்படுவதால் பெரும்பாலான பம்புசெட்டுகளில் மின்னளவி வைத்துப் பயன்பாடு கணக்கிடப்படவில்லை. எனவே கிணறுகளின் எண்ணிக்கையைச் சிறுபாசனக் கணக்கெடுப்பிலிருந்து பெற்று, ஒரு கிணற்றுக்கு இவ்வளவு எனப் பெருக்கி மதிப்பிடுவது வழக்கம். எனவே பின்னத்தின் மேற்பகுதி மதிப்பீடாகவும், கீழ்ப்பகுதி ஓரளவு அளவீடாகவும் அமைகின்றன. கண்காணிப்புக் கிணறுகளின் பதிவு நம்பகமாக இருக்கவேண்டிய தேவை இதனால் மேலும் கூடுகிறது.

தமிழ்நாட்டின் மதிப்பீட்டு முடிவுகள் சில:

2004: 385 ஊராட்சி ஒன்றியங்கள், அதிநுகர்வு 142, பாதுகாப்பானவை 145
2009: 386 ஊராட்சி ஒன்றியங்கள், அதிநுகர்வு 139, பாதுகாப்பானவை 136
2011: 1,129 குறுவட்டங்கள், அதிநுகர்வு 374, பாதுகாப்பானவை 437
2013: 1,139 குறுவட்டங்கள், அதிநுகர்வு 358, பாதுகாப்பானவை 429
2017: 1,166 குறுவட்டங்கள், அதிநுகர்வு 462, பாதுகாப்பானவை 427
2020: 1,166 குறுவட்டங்கள், அதிநுகர்வு 435, பாதுகாப்பானவை 409
2022: 1,166 குறுவட்டங்கள், அதிநுகர்வு 360, பாதுகாப்பானவை 463

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. 2017ஆம் ஆண்டின் மதிப்பீடு அதனை அடுத்து வந்தது. 2021இல் அப்பருவமழை இயல்பைவிட மிகுதியாகப் பெய்தது. ஓராண்டின் நல்ல மழையும் ஓராண்டின் வறட்சியும் வகைப்பாட்டைப் பாதிப்பதால், நீண்ட காலத் தொடர்ப் பதிவு இன்றி உண்மையான போக்கை அறிய இயலாது. 2022 முதல் மதிப்பீடு ஆண்டுதோறும் செய்யப்படுகிறது. 2023இல் தமிழ்நாட்டின் மதிப்பீட்டு அலகு குறுவட்டத்திலிருந்து வட்டமாக மாற்றப்பட்டது. அவ்வாண்டில் 313 அலகுகளில் 106 அதிநுகர்வு என வகைப்படுத்தப்பட்டன.

மேலநீலிதநல்லூர் வட்டாரம்

மேலநீலிதநல்லூர், தென்காசி மாவட்டத்தின் பத்து ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடமாகும். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இவ்வூரில் அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால், மலையின் மறுபுறம் கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை இங்குச் சிறிதளவே கிடைக்கிறது. வேளாண்மையும் கிணறுகளும் முதன்மையாக வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ளன. சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் கரிசல் மண்ணும் செம்மண்ணும் காணப்படுகின்றன. மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறையாகும். கரிசல் காட்டில் மானாவாரியாகப் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் போன்றவையும், கிணற்றுப் பாசனத்தில் காய்கறியும் மலர்களும் பயிரிடப்படுகின்றன. சங்கரன்கோவில் மலர்ச் சந்தை இப்பகுதியில் பெயர்பெற்றது.

இத்தகைய இடத்தில் கிணறு வெட்டுவதும் ஆழப்படுத்துவதும் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கும் செலவாகும். நீர் கிடைக்காவிட்டால் கடன் மட்டும் எஞ்சும். கிணறு வெட்டும் முன் அருகிலுள்ள கண்காணிப்புக் கிணற்றின் பல ஆண்டு நீர்மட்டத்தைப் பார்க்க முடிந்தால், அம்முடிவை ஊகத்துக்கு விடாமல் எடுக்கலாம். கண்காணிப்புத் தரவு ஓர் உழவருக்கு நேரடியாகப் பயன்படுவது இங்கேதான்.

ஆனால் இவ்வட்டாரத்தின் பதிவைத் தொடர்ந்து ஒப்பிடுவது எளிதன்று. 2009 வரையிலான மதிப்பீடுகளில் மேலநீலிதநல்லூர் ஊராட்சி ஒன்றியம் முழுவதும் ஓர் அலகாகக் கொள்ளப்பட்டது. 2011 முதல் அது குறுவட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடப்பட்டது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் தொடங்கப்பட்டதால், அதுவரை திருநெல்வேலி மாவட்டத்தின் பெயரில் இருந்த புள்ளிவிவரம் இரண்டாகப் பிரிந்தது. 2023இல் வட்டமே அலகானது. கிணறு அதே இடத்தில் இருந்தும் அதன் அளவு சேர்க்கப்படும் தலைப்பு மூன்று முறை மாறியுள்ளது. பரந்த வட்டத்தின் சராசரியில், சிறு குறுவட்டம் ஒன்றின் தனித்த நெருக்கடி மறைந்துவிடவும் கூடும். இதனால் தொகுப்பு அறிக்கைகளை மட்டுமின்றி, தனித்தனிக் கிணற்றின் மூல அளவுகளையும் பாதுகாத்து வெளியிடுவது இன்றியமையாததாகிறது.

வறண்டுபோன கண்காணிப்புக் கிணறும் கணக்கில் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. நீரில்லாத கிணற்றுக்கு ஆழ அளவு கிடையாது. அதனைச் சராசரியிலிருந்து நீக்கிவிட்டால், மிக மோசமான கிணறு கணக்கிலிருந்து விலகி, எஞ்சிய கிணறுகளின் சராசரி உயர்ந்ததுபோல் தோன்றும். கிணறு வறண்டது என்பதையே ஒரு தரவாகக் குறிப்பதும், அருகே ஆழமான மாற்றுக் கிணறு அமைப்பதும் இதற்குத் தீர்வாகும். மாற்றுக் கிணறு அமைக்க நிதி தேவை.

அரசு நிதி

கண்காணிப்புக்கான நிதி மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, மாநில அரசின் வழக்கமான செலவினம். பணியாளர் ஊதியம், பயணம், மாதாந்திர அளவீடு ஆகியவை இதிலிருந்து நடைபெறுகின்றன. இது சட்டமன்றத்தில் நீர்ப்பாசனத்துக்கான 40ஆவது மானியக் கோரிக்கையின் கீழ் ஆண்டுதோறும் முன்வைக்கப்படுகிறது. இரண்டாவது, நடுவண் அரசின் நிலத்தடி நீர் மேலாண்மை மற்றும் ஒழுங்குமுறைத் திட்டம். நீர்தாங்கிகளை வரைபடமாக்கும் தேசியப் பணி இதன் வழியாக 2012இல் தொடங்கப்பெற்று, வரைபடமாக்கத்தக்க ஏறத்தாழ 25 இலட்சம் சதுர கிலோமீட்டரில் 2023 மார்ச்சில் நிறைவுற்றது. இதற்கு முன்னோட்டமாக ஆய்வு செய்யப்பட்ட ஆறு இடங்களுள் கடலூர் மாவட்டத்தின் கீழ் வெள்ளாற்றுப் பகுதியும் ஒன்று. மூன்றாவது, உலக வங்கிக் கடனுதவியுடன் கூடிய திட்டங்கள்.

மூன்றாவது வகையில் நீரியல் திட்டம் முதன்மையானது. இதன் முதற்கட்டம் 1995 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட தீபகற்ப மாநிலங்களில் செயற்பட்டது. பீசோமீட்டர்கள், தானியங்கிப் பதிவுக்கருவிகள், தரவு மையங்கள், ஆய்வகங்கள் ஆகியவை இக்கட்டத்தில் பெருமளவில் அமைக்கப்பட்டன. இரண்டாம் கட்டம் 2006 ஏப்ரலில் தொடங்கி 2014 மே மாதத்தில் முடிந்தது. தேசிய நீரியல் திட்டம் என்னும் மூன்றாம் கட்டத்துக்கு 2016 ஏப்ரல் 6 அன்று நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தேசிய நீர்த் தகவலியல் மையம் அமைப்பதையும் சேர்த்து மொத்த மதிப்பீடு ரூ. 3,679.77 கோடி; இதில் பாதி உலக வங்கிக் கடன். மாநிலங்களுக்கு முழுத் தொகையும் மானியமாக வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

கட்டங்களின் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இடையில் ஈராண்டு அளவிலான இரு இடைவெளிகள் தெரிகின்றன. கருவி வாங்குவதற்குத் திட்ட நிதி ஏற்றது. ஏனெனில் அது ஒருமுறைச் செலவு. ஆனால் மின்கலம் மாற்றுதல், உணரியைச் சரிபார்த்தல், கிணற்றைத் தூர்வாருதல், தரவைச் சோதித்தல் ஆகியவை ஆண்டுதோறும் வரும் செலவுகளாகும். இவற்றுக்கு வழக்கமான வரவுசெலவில் இடமில்லையெனில், திட்டம் முடிந்த சில ஆண்டுகளில் கருவி செயலிழக்கும். அணையிலோ கால்வாயிலோ பழுது ஏற்பட்டால் பின்னர் சரிசெய்துகொள்ளலாம். அளக்கப்படாமல் கடந்துபோன ஒரு மாதத்தின் நீர்மட்டத்தைப் பின்னர் எவராலும் அளக்க முடியாது. ஆகவே கண்காணிப்புக்குத் தேவைப்படுவது பெருந்தொகையைக் காட்டிலும் இடையறாத தொகையாகும்.

2019 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்ட அடல் பூசல் திட்டம் நிதி வழங்கும் முறையில் வேறுபட்டது. ரூ. 6,000 கோடி மதிப்பிலான இத்திட்டம் 2020 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்டது. இதில் மாநிலங்கள் அடைந்த விளைவுகளைப் பொறுத்து ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. நிலத்தடி நீர்த் தரவைப் பொதுமக்களுக்கு வெளியிடுதல், அவ்வாறு தொகை பெறுவதற்கான அளவுகோல்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. குசராத்து, அரியானா, கருநாடகம், மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு மாநிலங்கள் இதில் சேர்க்கப்பட்டன. தமிழ்நாடு இதில் இடம்பெறவில்லை.

சட்டமும் ஒழுங்குமுறையும்

சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987இல் தனி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் 2003இல் நிறைவேற்றப்பட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலேயே 2013இல் நீக்கப்பட்டது. 2014இல் வெளியிடப்பட்ட பொதுப்பணித் துறை அரசாணை எண் 142, அதிநுகர்வு, அபாயக் குறுவட்டங்களில் புதிய நீர் எடுப்புத் திட்டங்களைத் தடுத்து, ஏனைய இடங்களில் தடையின்மைச் சான்று பெறவேண்டும் என்றது. வணிக நோக்கில் நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தும் இவ்வாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. இவ்வாறு, கண்காணிப்புக் கிணற்றின் அளவு நேரடியாகச் சட்ட விளைவைப் பெறுகிறது.

தேசிய அளவில், உச்ச நீதிமன்றத்தின் 1996 டிசம்பர் ஆணையை அடுத்து, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1997 சனவரியில் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைக்கப்பட்டது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் நிலத்தடி நீர் மேலாண்மை குறித்த அறிக்கை 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2020 டிசம்பர் நிலவரப்படி 19 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் மட்டுமே நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டிருந்ததை அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது.

பொதுமக்கள் கருத்து

நடுவண் அரசின் 2014ஆம் ஆண்டு சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கையின்படி, சட்ட வரைவுகள் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 2016இல் நிலத்தடி நீர் மாதிரிச் சட்ட வரைவு இவ்வாறு கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்டது. மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2017 அக்டோபரில் நீர் எடுப்பு வழிகாட்டு நெறிகளின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கோரியது. 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இறுதி நெறிகளைச் செயற்படுத்த வேண்டாமெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 சனவரியில் ஆணையிட்டது. புதிய நெறிகள் 2020 செப்டம்பர் 24 அன்று வெளிவந்தன. பெரிய தொழில் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படுகிறது.

இவை யாவும் நீர் எடுப்பது தொடர்பானவை. எங்கே, எத்தனை கிணறுகளை, எவ்வளவு செலவில் அளப்பது என்பதில் மக்கள் கருத்து நேரடியாகக் கேட்கப்படும் கட்டம் வழக்கத்தில் இல்லை. மதிப்பீட்டு முடிவுகளுக்குத் துறை அலுவலர்களும் வல்லுநர்களும் கொண்ட மாநில அளவிலான குழு ஒப்புதல் அளிக்கிறது. ஆயினும் ஊர் மக்களுக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது கிராம சபை. அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் நீர் மேலாண்மையும் குடிநீரும் ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்க பொருள்களாக உள்ளன. தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 அன்றும் கிராம சபை கூட்டப்படும் என 2022இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் உலகத் தண்ணீர் நாளுக்கு ஐக்கிய நாடுகள் அவை எடுத்துக்கொண்ட கருப்பொருள் நிலத்தடி நீர் என்பது குறிப்பிடத்தக்கது. தம் ஊராட்சியிலுள்ள கண்காணிப்புக் கிணறு எது, அதன் கடைசி அளவு என்ன, அது இன்னும் அளக்கத்தக்க நிலையில் உள்ளதா என்பவற்றைச் சபையில் கேட்டுத் தீர்மானமாகப் பதியலாம்.

இரண்டாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கேட்பதற்கு முன்பே அரசு அமைப்புகள் தாமாக வெளியிட வேண்டிய தகவல்களை அதன் 4ஆவது பிரிவு வரையறுக்கிறது. மூன்றாவது, வெளியிடப்பட்ட தரவு. நாட்டுப் பாதுகாப்பு காரணமாக விலக்கப்பட்டவை தவிர அனைத்து நீரியல் தரவுகளும் பொதுவெளியில் இருக்கவேண்டும் என 2012ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை கூறுகிறது. இந்திய நீர்வளத் தகவல் அமைப்பின் இணையத்தளத்தில் கிணறுவாரியான நீர்மட்டங்களைக் காணலாம்.

மக்கள் பங்கேற்புடன் கண்காணிப்பு

ஆந்திரப் பிரதேச உழவர் மேலாண்மை நிலத்தடி நீர் அமைப்புகள் திட்டம், 2000களில் ஐக்கிய நாடுகள் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் ஆதரவுடன் ஏழு வறட்சி மாவட்டங்களில் செயற்பட்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் உழவர்களே மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து, ஊர்ப் பொதுவிடத்தில் பலகையில் எழுதினர். பின்பருவப் பயிருக்கு முன் ஊர் கூடி, இருக்கும் நீருக்கு எந்தப் பயிர் தாங்கும் எனக் கணக்கிட்டது. எவர் மீதும் தடை விதிக்கப்படவில்லை. அளவு கண்முன் இருந்ததால் முடிவை அவரவரே எடுத்தனர். 2012இல் தொடங்கிய மற்றொரு திட்டத்தில், இராசத்தானின் உதயப்பூர், குசராத்தின் ஆரவல்லி மாவட்டங்களில் பயிற்சி பெற்ற ஊர்த் தன்னார்வலர்கள் 'பூசல் சான்கார்' என்ற பெயரில் கிணறுகளை அளந்தனர். இதற்கு ஆத்திரேலிய அரசின் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையம் நிதியளித்தது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் நிலத்தடி நீரை அளப்பவை பெரும்பாலும் மாநில அமைப்புகளாகும். அவற்றின் கிணறுகளை ஒரே வலையமைப்பில் இணைக்கும் தேசிய நிலத்தடி நீர்க் கண்காணிப்பு வலையமைப்புக்கு 2009ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழிவகுத்தது. அந்நாட்டுப் புவியியல் ஆய்வகம் 2015 முதல் கூட்டுறவு ஒப்பந்தங்கள் வழியாக மாநில அமைப்புகளுக்கு நிதி வழங்குகிறது. புதிய கருவிகளுக்கு மட்டுமின்றி, தரவைத் தொடர்ந்து வழங்குவதற்கும், பழைய கிணற்றைச் செப்பனிடுவதற்கும், மாற்றுக் கிணறு தோண்டுவதற்கும் இந்நிதியைக் கோரலாம். நிதி கோருவோரிடம் கேட்கப்படும் விவரங்கள் கூட, 1995ஆம் ஆண்டின் ஆவணச் சுமை குறைப்புச் சட்டத்தின்படி அரசிதழில் வெளியிடப்பட்டு, முதலில் 60 நாட்களும் பின்னர் 30 நாட்களும் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படுகின்றன. கண்காணிப்புத் திட்டத்தின் நடைமுறையே கருத்துக் கேட்புக்கு உட்படுவது இதன் சிறப்பாகும்.

2002இல் ஏவப்பட்ட கிரேசு இரட்டைச் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பு மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீர்க் குறைவைக் கணித்தன. 2002 ஆகத்து முதல் 2008 அக்டோபர் வரை வடமேற்கு இந்தியா ஏறத்தாழ 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்ததை இம்முறை 2009இல் வெளிப்படுத்தியது. ஆயினும் செயற்கைக்கோளின் பார்வை ஒரு மாநில அளவிலான பரப்புக்கே பொருந்தும். மேலநீலிதநல்லூர் போன்ற ஓர் ஒன்றியத்தின் நிலையை அறிய, கிணற்றுக்குள் இறங்கும் அளவு நாடாவுக்கும், அதனை மாதந்தோறும் இறக்கும் பணியாளருக்கும், அவரது பயணச் செலவைத் தவறாது வழங்கும் வரவுசெலவுத் திட்டத்துக்கும் மாற்று இல்லை.